பேரனைத் தூக்குங்கள், ஆச்சி

வாசகர் கேள்வி:

கானாடுகாத்தானில் இருந்து எழுதுகிறேன். வயது 61. பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. மூன்று மாதமாக வயிறு உப்புசம். காலையில் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது, குடலைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் கம்பெனிக்குப் பணம் கட்டி, டப்பாவை வீட்டுக்கே வரவழைத்து, மலத்தை அனுப்பிவைத்தான். பதினான்கு பக்க ரிப்போர்ட் வந்தது. அதில் ‘வைரஸ்கள்’ என்று தனியாக ஒரு பக்கம். மூன்று பெயர்கள், மூன்றுக்கும் பக்கத்தில் ஆரஞ்சு வட்டம். முதலாவது கிராஸ்ஃபேஜ், ‘மிக அதிகம்’ என்று இருக்கிறது. இரண்டாவது ‘பெப்பர்’ என்று தொடங்கும் நீளப் பெயர். மூன்றாவது டி.டி.வி. கடைசிப் பக்கத்தில், வைரஸை வெளியேற்றும் என்று 4,800 ரூபாய்க்கு ஒரு பொடி. மகன் திரும்பிவிட்டான், மருமகளும் எட்டு மாதப் பேரனும் இன்னும் இரண்டு மாதம் என்னோடு இருப்பார்கள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். பேரனைத் தூக்குவதில்லை. பெப்பர் என்று போட்டிருந்ததால் சமையலில் மிளகை நிறுத்திவிட்டேன். நான் செய்வது சரியா? அந்தப் பொடியை வாங்கலாமா? வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடி ஒரு ஜாடி நிறைய இருக்கிறது, அதையும் கொட்டிவிட வேண்டுமா? சித்திரைக் கடைசியில் மெட்ஃபார்மின் மாத்திரையை டாக்டர் இரண்டு வேளையாக்கினார். மற்றபடி மருந்தில் மாற்றம் இல்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

ஆச்சி, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பேரன் விழித்திருந்தால் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். மீதியை அவனை மடியில் வைத்துக்கொண்டே படிக்கலாம். தனித் தட்டும் தனி டம்ளரும் மறுபடி அலமாரிக்குப் போகட்டும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள மூன்று பெயர்களுமே, என்னுடைய மலத்தைப் பரிசோதித்தால் வரக்கூடிய பெயர்கள்தாம். உங்கள் மகனுடையதிலும் வரலாம். அவர் அந்தக் கம்பெனிக்கு இரண்டு டப்பாவாக அனுப்பியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘பெப்பர்’ என்று பார்த்ததும் மிளகை நிறுத்திவிட்டீர்கள். பாவம், மிளகு. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆங்கிலக்காரர்கள் மிளகையும் பெப்பர் என்பார்கள், மிளகாயையும் குடைமிளகாயையும் பெப்பர் என்பார்கள். அந்த நீளப் பெயரின் முழு வடிவம் ‘பெப்பர் மைல்ட் மாட்டில் வைரஸ்’. மிளகாய்ச் செடியின் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாக லேசாகத் திட்டுத் திட்டாக வருமே, அந்த நோயை உண்டாக்கும் வைரஸ். இது செடியின் நோய். உங்களுக்கு வந்திருக்கும் நோய் அல்ல. நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் தடயம்.

சித்திரை வெயிலில் முற்றத்தில் பாய் விரித்துக் குண்டு மிளகாயைக் காயப்போட்டிருப்பீர்கள். காம்பைக் கிள்ளும்போது விரல் எரியும். ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் இடிக்கும் பதம் என்று என் அப்பத்தாள் சொல்வார். அந்தச் சிவந்த தோலிலும் விதையின் மேலும் குச்சி குச்சியாக இந்த வைரஸ் ஒட்டியிருக்கக்கூடும். சுமார் 3,000 குச்சிகளைத் தலையும் வாலுமாக வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். வயல்காரரின் கையில் ஒட்டியபடியே ஒரு செடியில் இருந்து அடுத்த செடிக்குப் போகும். இலை கிழிந்த இடத்தில், காம்பு கிள்ளிய இடத்தில் உள்ளே நுழையும். சாதாரண வைரஸ் வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். இந்தக் கூட்டத்து வைரஸ்களோ மகா முரடு. காய வைத்தாலும் இடித்துப் பொடியாக்கினாலும் கிடக்கும். கடையில் விற்கும் மிளகாய்ப் பொடியிலும் மிளகாய் சாஸிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

2006-ல் சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, ஆரோக்கியமாக இருப்பவர்களின் மலத்தில் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருளைக் கொண்ட வைரஸ்கள் என்னென்ன இருக்கின்றன என்று தேடினார்கள். ஏதோ புதிய மனித வைரஸ் சிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்ததில் பெரும்பகுதி செடிகளின் வைரஸ்; அதில் முதலிடம் இந்த மிளகாய் வைரஸுக்கு. 18 பேரைச் சோதித்ததில் 12 பேரிடம் இருந்தது. ஒரு கிராம் உலர்ந்த மலத்தில் 100 கோடி வரை இருந்தது. அதைவிட வேடிக்கை, மனிதக் குடலின் அமிலத்தையும் பித்தத்தையும் தாண்டி வெளியே வந்த பிறகும் அதற்கு உயிர்ப்பு இருந்தது. மிளகாய்ச் செடியில் தடவியபோது செடிக்கு நோய் வந்தது. அதாவது, நாம் அந்த வைரஸுக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான். அது நம் வழியாகப் பயணம் போகிறது. நம் ஸ்டாப்பில் இறங்குவதில்லை. நம்முடைய உயிரணுவுக்குள் நுழைந்து பெருகும் கருவி அதனிடம் கிடையாது.

இன்று உலகின் பல நாடுகளில் ஓர் ஆற்றிலோ ஏரியிலோ சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் இந்த மிளகாய் வைரஸ் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். மனிதர் இருக்கும் இடமெல்லாம் மிளகாய், மிளகாய் இருக்கும் இடமெல்லாம் இது. செட்டிநாட்டு ஆச்சி ஒருவரின் மலத்தில் இது இல்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அனுப்பியது வேறு யாருடைய டப்பாவோ என்று கேட்டிருப்பேன்.

அடுத்து, ‘மிக அதிகம்’ என்று உங்களைப் பயமுறுத்திய கிராஸ்ஃபேஜ்.

பெயரில் இருக்கும் ‘ஃபேஜ்’தான் முக்கியம். ஃபேஜ் என்றால் பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். நம் குடலில் இருக்கும் வைரஸ்களில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான். நம் உடலில் பாக்டீரியா எவ்வளவு என்று 2016-ல் கணக்குப் போட்டார்கள்: 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி. அவருடைய சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். பாக்டீரியாவின் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது. குடி இருக்கும் இடத்தில் குடியைத் தின்பதும் இருக்கும். பாக்டீரியாவின் மேல் வந்து உட்கார்ந்து, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அதைத் தன் பட்டறையாக மாற்றி, அரை மணி நேரத்தில் நூறு நகல் எடுத்துக்கொண்டு அதை வெடிக்கச் செய்துவிட்டு வெளியே வரும் ஃபேஜும் உண்டு. வெடிக்காமல், அந்தப் பாக்டீரியாவின் மரபணுவுக்குள்ளேயே ஒரு துண்டாகச் சேர்ந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாக அதோடு பிழைப்பதும் உண்டு. குடலில் இரண்டாம் ரகம் ஏராளம்.

உங்கள் வீடு எனக்குத் தெரியாது. கானாடுகாத்தான் என்பதால் நடுவில் வளவு என்ற முற்றம் வைத்த வீடாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியார் காலத்தில் ஒரே வளவைச் சுற்றி எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடித்தனம், இருந்தது? புள்ளிக்கு ஓர் அறை, புள்ளிக்கு ஓர் அடுப்பு. இந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அந்த அடுப்பு கேட்பதில்லை. ஃபேஜும் பாக்டீரியாவும் ஒரு புள்ளி. அவர்களுக்குள் சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. உங்கள் உயிரணு வேறு புள்ளி. ஃபேஜ் அந்த வாசலுக்கு வருவதே இல்லை. பெருங்குடலில் உள்ள பாக்டிராய்டஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம்தான் கிராஸ்ஃபேஜ் கூட்டத்தின் அடுப்பு. அந்தக் குடும்பம் உங்களிடம் செழிப்பாக இருப்பதால் அதைத் தின்பதும் செழிப்பாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014 வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நுண்நோக்கியில் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை, ஆய்வகத்தில் வளர்த்தும் கண்டுபிடிக்கவில்லை. பல பேருடைய மலத்தின் டி.என்.ஏ. துணுக்குகள் ஏற்கெனவே படிக்கப்பட்டுக் கணினியில் கிடந்தன. கிழிந்த காகிதங்களை ஒட்டுவதுபோல அவற்றை ஒரு மென்பொருளை வைத்து இணைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 97,000 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட, வளையமாக மூடிய முழு மரபணுத் தொகுதி ஒன்று உருவாகி வந்தது. அந்த மென்பொருளின் பெயரில் இருந்துதான் கிராஸ்ஃபேஜ் என்ற பெயரும். பிறகு தேடினால், எங்கும் அதுவே. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்த ஒன்றை, அதன் உருவத்தைக் காணாமலேயே பெயர் வைத்துப் பதிவு செய்தார்கள். ஆய்வகத்தில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றை வளர்க்க முடிந்தது 2018-ல்தான், அயர்லாந்தில். 2021-ல் இன்னொரு குழு 28,060 குடல் மாதிரிகளை அலசி, 1,42,000-க்கும் மேற்பட்ட ஃபேஜ் மரபணுத் தொகுதிகளைப் பட்டியலிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று பெயர்தான் இருக்கிறது. அவர்கள் தேடத் தெரிந்தது மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஃபேஜ்களில் சில நமக்கு உதவியாகவும் இருக்கலாம். குடலின் உட்சுவரில் வழவழப்பான ஒரு சளிப்படலம் உண்டு. சுற்றுப்புறத்தைவிட அந்தப் படலத்தில் ஃபேஜ்கள் அடர்த்தியாக ஒட்டிக்கொண்டிருப்பதை 2013-ல் கண்டார்கள். சுவரை நோக்கி வரும் பாக்டீரியாவை அவை அங்கேயே மடக்குகின்றன. முகப்புத் திண்ணையில் படுத்திருக்கும் காவல்காரர் வேலை, சம்பளம் இல்லாமல்.

ஃபேஜ் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1896-ல், ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் ஏதோ ஒன்று காலராக் கிருமியைக் கொல்கிறது என்றும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் எழுதினார். அது ஃபேஜ்தானா என்பதில் இன்றும் ஆளுக்கொரு கருத்து. 1917-ல் பாரிஸில், வயிற்றுக்கடுப்பில் இருந்து தேறியவர்களின் மலத்தில் பாக்டீரியாவைக் கரைக்கும் ஒன்றைக் கண்டு அதற்கு ‘பாக்டீரியாவைத் தின்பது’ என்ற பொருளில் பெயர் வைத்தவர் ஃபெலிக்ஸ் டெரெல். அவரே 1920களில் இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். இதைப் படித்துவிட்டு யாரும் ஊருணித் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்க வேண்டாம்; அதில் ஃபேஜ் இருந்தால், அது தின்பதற்கான பாக்டீரியாவும் இருக்கிறது என்றுதான் பொருள். தவிர, ஃபேஜ் என்றாலே சாது என்றும் நான் சொல்லவில்லை. காலராக் கிருமிக்குப் பேதியை உண்டாக்கும் அந்த நஞ்சே ஒரு ஃபேஜ் கொண்டுவந்து கொடுத்த சீர்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த ஃபேஜ் அல்ல.

மூன்றாவது, டி.டி.வி. இந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு அரசியல் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. 1997-ல் ஜப்பானில், ரத்தம் ஏற்றிய பிறகு காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி வந்த ஒரு நோயாளியிடம் முதலில் கண்டார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகள் டி.டி. கல்லீரலைக் கெடுக்கும் புதிய வைரஸ் பிடிபட்டுவிட்டது என்று பரபரப்பு. பிறகு ஆரோக்கியமானவர்களைச் சோதித்தால், அவர்களிடமும் இருக்கிறது. இன்று, வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதையோ இதன் உறவுக்காரர்களையோ சுமக்கிறார்கள் என்பது தெரியும். இதனால்தான் வருகிறது என்று நிறுவப்பட்ட நோய் இதுவரை ஒன்றுகூட இல்லை. எழுத்தை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றி, லத்தீனில் ‘மெல்லிய கழுத்துச் சங்கிலி’ என்ற பொருள் வரும்படி டார்க் டீனோ என்று வைத்தார்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆளுக்குக் கடைசியில் சங்கிலி போட்டு அனுப்பியதாக வைத்துக்கொள்ளலாம். விலங்கு அல்ல, நகை.

இதற்கு ஒரு பயனும் இருக்கிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி இந்த வைரஸை ஓர் அளவுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறோம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பது பெரிய தலைவலி. இவர்களின் ரத்தத்தில் டி.டி.வி. எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஏறினால் எதிர்ப்புச் சக்தி மிகவும் தணிந்துவிட்டது, இறங்கினால் தூக்கலாக இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். குளத்தில் நட்ட அளவுக்கல் மாதிரி. உங்களுக்கு அந்த அளவெல்லாம் தேவையில்லை. மலத்தில் ‘இருக்கிறது’ என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவே அந்த ஆரஞ்சு வட்டங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் மொய்ப்பண ஏட்டைப் பார்த்தால் யார் யார் வந்தார்கள் என்று தெரியும். வந்தவர் தாய்மாமனா, பங்காளியா, அடுத்த தெருவில் இருந்து பந்திக்கு மட்டும் வந்தவரா, யாரோடாவது சண்டை போட்டாரா என்பதெல்லாம் பெயரில் இருக்காது. அந்த வீட்டு மனிதர்தான் சொல்ல வேண்டும். உங்கள் கையில் இருப்பது பெயர்ப் பட்டியல். அதை எழுதியவர், தனக்குத் தெரியாத பெயருக்கெல்லாம் ஆரஞ்சு வட்டம் போட்டு, அடியில் பொடியின் விலையையும் எழுதிவிட்டார். எனக்குக் கோபம் வருவது அந்தக் கடைசிப் பக்கத்தில்தான். குடலில் உள்ள ஃபேஜ்களை வெளியேற்றும் மருந்து என்று மருத்துவத்தில் எதுவும் இல்லை. வெளியேற்ற வேண்டிய தேவையும் இல்லை. மிளகாய் வைரஸ் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் டப்பாவில் அகப்பட்டது. 4,800 ரூபாயைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நம்மோடு வாழும் வைரஸ் எல்லாமே பரம சாது என்று எழுதினால் அது பொய். தூங்கிக்கொண்டிருப்பவையும் உண்டு. சிறு வயதில் சின்னம்மை போட்டிருக்குமே, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பின் வேர்முடிச்சில் படுத்துக்கொள்ளும். வயதான பிறகோ உடம்பு தளர்ந்த சமயத்திலோ எழுந்து, ஒரு பக்கமாகக் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அதுதான் அக்கி. என் அப்பத்தாளுக்கு வந்தபோது வேளார் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் செங்காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், எரிச்சலுக்கு இதமாக இருந்திருக்கும். நரம்பு வலி ஆறு மாதம் போகவில்லை. உங்களுக்கோ உங்கள் வயதில் உள்ள யாருக்கோ அப்படி வந்தால் மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போய்விடுங்கள். அந்த வைரஸுக்கு மாத்திரை உண்டு. சீக்கிரம் தொடங்கினால்தான் பயன். சர்க்கரை உள்ளவர்கள் அதற்கான தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை வேறு கதை; ரத்தத்தில் இருந்தால் சிகிச்சையும் கண்காணிப்பும் வேண்டும். அவற்றுக்கான சோதனையை ஆஸ்பத்திரியில் செய்வார்கள். தபாலில் வரும் டப்பாவை நம்ப வேண்டாம்.

இனிப் பேரன். பிறந்த குழந்தையின் முதல் மலத்தில், அந்தக் கரும்பச்சைக் காட்டுமலத்தில், வைரஸ் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் ஒரு கிராமுக்கு 100 கோடி என்ற அளவுக்கு ஏறிவிடுகிறது. எங்கிருந்து வந்தன? முதலில் குடலுக்குக் குடிவந்த பாக்டீரியாக்கள் தங்கள் மரபணுவுக்குள் மடித்து எடுத்துவந்த ஃபேஜ்கள்தாம் முதலில் வெளிப்படுகின்றன. அதன் பிறகுதான் மனித உயிரணுவைத் தொற்றும் வைரஸ்கள் வருகின்றன; தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் இந்த இரண்டாம் வகை குறைவாக இருப்பதை 2020-ல் காட்டினார்கள். மருமகள் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தொடரச் சொல்லுங்கள். எட்டு மாதம் ஆன உங்கள் பேரனுக்குள் இந்நேரம் ஒரு பெரிய குடித்தனமே நடந்துகொண்டிருக்கும். டி.டி.வி. ஏற்கெனவே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. அவன் உங்கள் மருமகளின் வயிற்றில் இருந்தபோது, தாயின் ரத்தத்தில் இருந்து சத்தை இழுத்துக் கொடுத்த நச்சுக்கொடியின் மேற்படலம் எப்படி உருவாகிறது தெரியுமா? பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே விரிப்பாகின்றன. உருக்கிச் சேர்க்கும் அந்தப் புரதத்தின் பெயர் சின்சிடின். அதைச் செய்யும் மரபணு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நம் குரங்கு மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரஸிடம் இருந்து வந்தது. தொற்ற வந்தது, மரபணுவில் மாட்டிக்கொண்டது, பிறகு பிள்ளை பெறும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் இப்படி எப்போதோ வந்து தங்கிவிட்ட வைரஸ்களின் மிச்சம். வைரஸ் என்றால் லத்தீனில் நஞ்சு. நாமும் தமிழில் பெயர் வைக்கப் போய் நச்சுயிரி என்றோம், தீநுண்மி என்றோம்; விசாரணைக்கு முன்பே தீர்ப்பைப் பெயரில் எழுதிவிட்டோம். நச்சுக்கொடி என்ற பெயருக்கும் அதே கதிதான்.

குழந்தையைத் தூக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: உங்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால், உதட்டில் கொப்புளம் வந்திருந்தால், அந்த நாட்களில் முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுக்காதீர்கள். கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இதெல்லாம் ரிப்போர்ட் வருவதற்கு முன்பும் நீங்கள் செய்ததுதான்.

இப்போது உங்கள் வயிற்றுக்கு வருகிறேன். பதினான்கு பக்க ரிப்போர்ட்டில் இல்லாத விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில், போகிற போக்கில் எழுதியதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சித்திரைக் கடைசியில் மெட்ஃபார்மின் இரண்டு வேளையானது. இது ஆடி. உப்புசமும் இளக்கமும் மூன்று மாதமாக. கணக்குச் சரியாக வருகிறது அல்லவா? வயிறு உப்புவதும் மலம் இளகுவதும் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களிடம் நான் வாரந்தோறும் கேட்கும் புகார்கள். அளவு கூடும்போது அதிகம் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் போடுகிறீர்களா, சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்ததுமோ போடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டோடு போடுவதுதான் சரி. பிறகு, மாத்திரை கொடுத்த டாக்டரிடமே போய், மெதுவாகக் கரையும் ரகத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பலருக்கு அதிலேயே தொல்லை அடங்கிவிடுகிறது. பத்து வருடச் சர்க்கரைக்கு இவ்வளவு நாளும் இதே மாத்திரைதான் என்றால், ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது குறைவதுண்டு. சைவச் சாப்பாடு என்றால் இன்னும் குறையும்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரித் தூக்கத்தில் எழுப்பிவிடும் பேதி, ரத்தசோகை என்று எதுவும் இருந்தால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்கள் வயதில் குடலை உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதுதான் முறை. காரைக்குடியிலோ மதுரையிலோ வயிற்று மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது அந்த ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சர்க்கரைச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மிளகை இன்றைக்கே ரசத்தில் போடலாம்.

மிளகாய்ப் பொடி ஜாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைரஸுக்காகக் கொட்ட வேண்டாம். ஆனால் ஆடிக் காற்றில் சாரலும் சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்து, ஓரத்தில் கட்டி கட்டியாக இருக்கிறதா, பூசணம் பூத்த வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் யோசிக்காமல் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மிளகாயில் பிடிக்கும் ஒரு வகைப் பூசணம் விடும் நஞ்சு கல்லீரலுக்கு ஆகாது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது. வாடை இல்லையென்றால் ஈரமில்லாத கரண்டியைப் போட்டு, மூடியை இறுக மூடி வையுங்கள்.